பெரிய வெள்ளியில் ஏற்றிய ஆணி

எங்கள் ஆணிக் கம்பனிக்குப் பதினைந்து வருடம் நிறைகிறது, அதற்கு ஒரு மலர் வெளியிட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. மன்னாரில் எதற்கும் மலர் போடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு மலர், விளையாட்டுக் கழகத்துக்கு மலர், செத்த மனிதருக்கு முப்பத்தோராம் நாள் மலர். முன்னுக்கு வாழ்த்துச் செய்திகள், பின்னுக்கு விளம்பரங்கள், நடுவில் ஒருவரும் வாசிக்காத ஒரு வரலாறு. அந்த நடுப்பகுதியை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

"நீங்கள்தானே முதல் நாளிலயிருந்து இருக்கிறியள். உங்களுக்குத் தெரியாத கதை என்ன கிடக்கு?" என்றார் முதலாளி.

அது உண்மைதான். மறுக்க ஒரு சாட்டும் கிடைக்காமல் சரி என்றேன். அவர் கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"ஓலைத்தொடுவாய்க் கூரை விசயத்தையும் எழுதுங்கோ. ஒளிக்கக் கூடாது. பெரியமடு அண்ணை பாக்காமல் ஏத்திவிட்டார், அதுக்குப் பிறகு நாங்கள் எல்லாத்திலயும் கவனமாகிட்டம் எண்டு ரெண்டு வரி போட்டால் காணும்."

அதற்கும் தலையாட்டினேன். எங்கள் பழைய மிசின்காரர் பெரியமடு அண்ணை அந்த ஆணியைப் பார்க்காமல் ஏற்றவில்லை. பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். ஏற்றச் சொன்னது நான். பத்து வருடமாக வாய்ப்பேச்சாக நடந்துகொண்டிருந்த அந்தப் பொய்யை இப்போது என் கையாலேயே எழுதி அச்சுக்குக் கொடுக்கச் சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

முதலில் எழுதச் சுலபமானதை எழுதினேன். முதலாளி சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவர். அங்கே முகாமில் இருந்தபடி ஒரு ஆணிப் பட்டறையில் வேலை பழகினார். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது மன்னார் முழுக்க வீடு கட்டிக்கொண்டிருந்தது. கடையில் கிடைத்த ஆணியெல்லாம் தெற்கிலிருந்து வந்த ஆணி. எங்கள் உப்புக்காற்றில் அது ஒரு மாரி தாங்காது. கொழும்பில் ஒரு பழைய ஆணி மிசினைத் தேடிப் பிடித்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் மறித்து, இது என்ன சாமான் என்று கேட்டார்களாம். இவருக்குச் சிங்களம் அரைகுறை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்துக் காட்டியிருக்கிறார். தங்களுடைய காவலரணில் ஒரு பலகை கழன்று கிடக்கிறது என்று அவர்கள் ஒரு பிடி ஆணி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். எங்களுடைய முதல் வாடிக்கைக்காரர் ஆமிதான் என்று முதலாளி எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். மலரில் மட்டும் அதைப் போட வேண்டாம் என்றார்.

உப்புக்குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய மீன்வாடியைத் திருத்தி மிசினை இறக்கினார்கள். அப்போது நான் வீட்டில் சும்மா இருந்தேன். வளைந்த ஆணி, தலை சப்பளிந்த ஆணி, முனை வெட்டுப்படாத ஆணி இவற்றைப் பொறுக்கி எறிய ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பிழை பிடிக்கிறது எனக்குப் பிறவியிலேயே வந்தது என்று என் கூடப்பிறந்தவர்கள் சொல்வார்கள். சம்பளத்தோடு அதைச் செய்யலாம் என்றால் யார் விடுவார்கள்?

பெரியமடு அண்ணை மிசின்காரர். பெருநிலப்பக்கத்தில், பெரியமடுவில், வயல் செய்கிற சைவக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருவார், கிழமை முழுக்கக் கம்பனியிலேயே ஒரு சின்ன அறையில் தங்குவார், சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் போவார். கம்பிச் சுருளிலிருந்து கம்பி நேராகி உள்ளே போக, மிசின் அதைக் கடித்துப் பிடித்து ஒரே அடியில் தலை வைக்கும், மறு பக்கம் முனை வெட்டும். அந்தச் சத்தத்தில் நாங்கள் கத்திக் கத்தித்தான் கதைப்போம். அவர் மட்டும் கத்த மாட்டார். மெல்லிய குரல். என்ன சொன்னார் என்று இரண்டு தரம் கேட்க வேண்டும். "அண்ணை, நீங்கள் கதைக்கிறது உங்களுக்கே கேக்குமோ?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் சிரித்துவிட்டுப் போவார்.

எங்கள் ஆணி மாதிரி வேறு ஆணி இல்லை என்று மன்னார் முழுக்கப் பெயர் எடுத்ததற்குக் காரணம் ஒரு மீன் டின். வெட்டிய ஆணியை அமிலத்தில் கழுவி, உருக்கிய துத்தநாகத் தொட்டியில் தோய்த்து எடுப்போம். அதுதான் கல்வனைஸ் ஆணி. தோய்த்ததில் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பிடி எடுத்து, வெறும் மீன் டின்னில் கடல் தண்ணீர் விட்டு, அதில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைப்போம். ஏழு நாள். ஏழாம் நாள் அதில் ஒரு ஆணி துருவில் சிவந்திருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் மறுபடி தொட்டிக்குப் போகும். டின்னைப் பார்த்துச் சரி சொல்லும் பொறுப்பு என்னுடையது. நான் சரி சொல்லாமல் ஒரு சாக்கும் வாசல் தாண்டாது. முதலாளியின் மைத்துனர் வீடு கட்டும்போதுகூட இரண்டு நாள் காக்க வைத்தேன். எனக்கு அதில் பெரிய தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இனி, எங்கள் ஆட்களின் பெரிய வெள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்த் தீவில் கத்தோலிக்க வீடுகளில் அன்றைக்கு ஆணி அடிக்க மாட்டார்கள். ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாள். சுத்தியல் எடுக்கக் கூடாது, ஆணியைக் கையால் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் சுவரில் அடித்த ஆணியில் சட்டை கொழுவவும் விடமாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆணிக் கம்பனி நடத்துவதென்றால் எப்படி? பெரிய வியாழன் மத்தியானமே மிசினை நிற்பாட்டிவிடுவோம். முதலாளி தன் மனைவியின் பழைய ஊதாச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து மிசினை மூடுவார், தவக்காலத்தில் கோயிலில் சுரூபங்களை மூடுகிற மாதிரி. "மிசினுக்கும் தவக்காலமோ?" என்று முதல் வருடம் பெரியமடு அண்ணை கேட்டார். ஆனால் மற்ற வருடங்களில் அவரே முன்னின்று சேலையின் நுனிகளை ஒழுங்காக இழுத்துக் கட்டுவார். அந்த மூன்று நாளும் கம்பனிக்குக் காவல் அவர்தான். நாங்கள் கோயிலுக்குப் போவதற்காக அவர் தன் வீட்டுக்குப் போகாமல் இருந்தார். அதை ஒரு உதவியென்றுகூட நாங்கள் நினைத்ததில்லை.

நாலாம் வருடம், ஓலைத்தொடுவாயில் மீன் காயப்போடும் பெண்களுக்குத் தகரக் கொட்டில் கட்டிக் கொடுக்க ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். வவுனியாப் பக்கத்து ஆள். கூரைத் தகரம் அடிக்கும் ஆணி எங்களிடம் கேட்டார். தவக்காலம் முடிவதற்குள் வேலைகளை முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்த நேரம். அந்தத் தொகுதி அமிலத்தில் கிடக்க வேண்டிய நேரம் கிடக்கவில்லை. சரியாகக் கழுவுப்படாத இரும்பில் நாகம் பிடிக்காது. அப்படிப் பிழை வந்தாலும் பிடிப்பதற்குத்தானே டின் இருக்கிறது. டின்னில் போட்ட நாளிலிருந்து எண்ணினால் ஏழாம் நாள் பெரிய வெள்ளியில் விழுந்தது. உயிர்த்த ஞாயிறு முடிந்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டேன்.

கொந்தராத்துக்காரருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் லொறியை அனுப்பிவிட்டார். சனிக்கிழமை கூரை போடுவதற்கு ஆட்கள் வந்து நிற்கிறார்களாம்.

நான் அப்போது கோயில் முற்றத்தில் நின்றேன். சிலுவைக்கு முத்தமிட்டு முத்தி செய்யும் வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்குள் நீண்டிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்குச் சாதாரண நாளிலேயே மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்குக் கேட்க வேண்டுமா? கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. வரிசையை விட்டுச் சுவர்ப்பக்கம் ஒதுங்கி எடுத்தேன்.

"தங்கச்சி, லொறி வந்து நிக்குது. டின்னைப் பாத்தனான்…"

"அண்ணை, இண்டைக்கு எனக்கு ஆணிக்கதை கதைக்காதீங்கோ. என்ன நாள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும் தங்கச்சி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. டின்னுக்குள்ள துரு…"

"ஏத்திவிடுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வரிசையில் என் இடம் போய்விட்டது. அந்த எரிச்சலோடுதான் சிலுவையை முத்தி செய்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் துரு என்று சொன்னது எனக்குக் கேட்டது. மெல்லிய குரல்தான், பக்கத்தில் செபம் நடந்துகொண்டிருந்தது, எல்லாம் உண்மை. இருந்தாலும் கேட்டது. அந்த ஒரு நாள், அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்க எனக்கு மனமில்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை போனபோது டின் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டிலுக்குக் கூரை போட்டாயிற்று என்றார்கள். ஒருவேளை ஒன்றிரண்டு ஆணிதான் சிவந்திருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருட மாரியில், ஒரு வாடைக்காற்று நாளில், அந்தக் கூரை கிளம்பியது. உப்பு மீனின் ஈரமும் கடற்காற்றும் சேர்ந்து ஆணியைத் தலைக்குக் கீழே தின்றிருந்தன. பறந்த தகரம் ஒன்று உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. கழுத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்து நடுங்குவேன். கையில் கட்டுப்போட்டிருந்த அவளையும் கூட்டிக்கொண்டு மூன்று பெண்கள் கம்பனிக் கந்தோருக்கு வந்தார்கள். ஒரு சொப்பிங் பையிலிருந்து துருப்பிடித்த ஆணிகளை முதலாளியின் மேசையில் கொட்டினார்கள். சண்டை பிடிக்கவில்லை. "உங்கட ஆணி எண்டுதானே நம்பி அடிச்சம்" என்று மட்டும் ஒருத்தி சொன்னாள்.

முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். இந்தத் தொகுதியை யார் விட்டது என்று கேட்டார்.

"நான்தான் ஐயா ஏத்திவிட்டனான்" என்றார் பெரியமடு அண்ணை.

"டின்னைப் பாக்கேல்லையோ?"

"பிழை என்னிலதான்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். திறந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரியது, என் கண்ணுக்கு ஒரு ஆணியும் தப்பாது என்று ஊர் முழுக்கச் சொல்லும் பேச்சு. அது போய்விடும் என்ற பயம். மேசையில் கிடந்த துருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி அந்தக் கொட்டிலுக்குப் புது ஆணியால் கூரை போட்டுக் கொடுத்தார். பெரியமடு அண்ணையை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. மிசினிலிருந்து எடுத்துச் சாக்குக் கட்டும் வேலையில் விட்டார். ஒரு மாதம் சாக்குக் கட்டினார். பிறகு ஒரு சனிக்கிழமை போனவர் திங்கட்கிழமை வரவில்லை. வயல் வேலை கூடிவிட்டதாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "ஒரு விசயத்தில பேசாமல் இருந்திட்டன் சுவாமி" என்று சொன்னேன். என்ன விசயம் என்று அவர் கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். மூன்றும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கணக்குப்படி பாவம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குப் பிறகு பெரியமடுப் பக்கம் போகும் பஸ்ஸைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மலருக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் இது இனித் தப்ப முடியாத இடம் என்று விளங்கியது. வாயால் சொன்ன கதை ஒரு நாள் மறந்துபோகும். அச்சில் போனால் அந்த மனிதர் செத்த பிறகும் அப்படியே நிற்கும். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: அந்தத் தொகுதியை ஏற்றச் சொன்னது நான், மிசின்காரர் எனக்குப் போன் எடுத்து எச்சரித்தார், கோயிலடிச் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

முதலாளி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மனிசன் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்றார். பிறகு, "கேக்கேல்லை எண்டால் உங்களிலயும் பிழையில்லைத்தானே. அவரட்டைக் காட்டி, அவர் ஓம் எண்டால் போடுவம்" என்றார்.

என்னிலும் பிழையில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு உண்மையில் ஆறுதலாக இருந்தது. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஆறுதலாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாலமும் வயல்வெளியும் தாண்டிப் பெரியமடுவில் இறங்கினேன். அவர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். அண்ணைக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி, தோளிலிருந்த துவாயால் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கோ தங்கச்சி. இருங்கோ, இருங்கோ. வெயிலுக்குள்ள வந்திருக்கிறியள்."

அவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நான் மலர் விசயத்தைச் சொன்னேன். பெரிய வெள்ளி என்ற சொல் என் வாயில் வந்ததும் அவர் மனைவி இடையில் புகுந்தார்.

"அந்த நாளைப் பற்றிக் கேக்காதீங்கோ. வேலையை விட்டு வந்த வருசத்திலயிருந்து இந்த மனிசன் பெரிய வெள்ளியில ஒரு வாய் சாப்பிட மாட்டார். ஆணி ஒண்டும் தொட மாட்டார், எங்களையும் தொட விட மாட்டார். வேலிக் கதவு விழுந்து மாடு வயலுக்குள்ள போன நேரமும் கயித்தாலதான் கட்டினவர். நாங்கள் சைவ ஆக்கள், எங்களுக்கென்னத்துக்கு எண்டு நானும் கேட்டுப் பாத்திட்டன்."

அவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். "அது என்ர பிழைதானே" என்றார். "நீங்கள் கோயில்ல நிக்கேக்க, அதுவும் அந்த நாளில, நான் ஆணிக்கதை கதைச்சது. நீங்கள் வேண்டாம் எண்ட பிறகும் கதைச்சனான். அதாலதான் அந்தப் பிள்ளையின்ர தோள் முறிஞ்சது எண்டு எனக்கொரு எண்ணம். உங்களட்டை மன்னிப்புக் கேக்க வேணுமெண்டு கன நாள் நினைச்சிருக்கிறன்."

தாளை நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து மெதுவாக, உதடு அசைய வாசித்தார். ஒரு இடத்தில் நின்று, திரும்ப அந்த இடத்தையே வாசித்தார்.

"உங்களுக்குக் கேக்கேல்லை எண்டுதான் நானும் நினைச்சனான்" என்றார். "அதாலதான் அண்டைக்குக் கந்தோரில ஒண்டும் சொல்லேல்ல. என்ர குரல் அப்பிடி. வடிவாச் சொல்லாமல் விட்டது நான், பிறகு உங்களை ஏன் இழுப்பான்?" தாளை மடியில் வைத்தார். "துரு எண்டு சொன்னனான் எண்டுதான் எனக்கு ஞாபகம். சில நேரம் சொல்லேல்லையோ எண்டும் கிடக்கு. இவவும் கேப்பா, நீங்கள் உண்மையா அதைச் சொன்னனீங்களோ எண்டு. பத்து வருசமா எனக்கே தெரியேல்ல. தங்கச்சி, அந்தச் சொல்லு உங்களுக்குக் கொஞ்சமும் கேக்கேல்லையோ?"

இல்லை என்று ஒரு சொல் போதும். தாளிலும் அப்படித்தான் இருந்தது. முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார், அண்ணையும் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தார். மலர் வரும், நான் பெருந்தன்மையுள்ள மனுசி என்று நாலு பேர் சொல்லவும் சொல்வார்கள்.

"கேட்டது அண்ணை" என்றேன். "துரு எண்டு நீங்கள் சொன்னது எனக்கு வடிவாக் கேட்டது. கேட்டுத்தான் போனை வைச்சனான்."

அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டியே? நான் சொல்லியிருக்கிறன்" என்றார். அவர் குரல் அவ்வளவு பலமாக எழும்பி நான் ஒருநாளும் கேட்டதில்லை. "சொல்லித்தான் இருக்கிறன்."